மீன் பதிவேடு, ஏழாம் தொகுதி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். போன வாரம் இருப்புச் சரிபார்ப்பின்போது நீங்கள் எழுதிய குறிப்பு ஒன்றை இப்போதைய நூலகர் கைபேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். "மீன் பதிவேடு, பன்னிரண்டு தொகுதிகள். ஏழாவது மட்டும் அளவு வேறு, அட்டை வேறு, கையெழுத்தும் வேறு. தவறுதலாகச் சேர்ந்ததாக இருக்கலாம். நீக்கிவிடலாமா?"

படித்ததும் எனக்குப் பகீர் என்றது. கடைசியில் கேள்விக்குறி இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அதைப் போட்டவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். முப்பது வருடம் இதே கட்டடத்தில் குப்பை கொட்டியவள் நான். ஒரு முறை அந்தக் கேள்விக்குறியைப் போடாமல் விட்டேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் உங்கள் குறிப்புக்குப் பதில் கிடைக்கும். நூல்களை வகைப்படுத்துவது, கணினியில் ஏற்றுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை.

மேட்டூர் அணையில் வலை போடுகிறவர்கள் காலையில் மீனைக் கொண்டுவந்து எடை போடும் படகுத்துறையில் எழுத்தராக ஒருவர் இருந்தார். தன் வேலைக்குத் தேவையானதைவிட அதிகமாக எழுதுகிற பழக்கம் அவருக்கு. எந்த மீன் எவ்வளவு வந்தது என்பதோடு, அன்றைக்கு அணையில் நீர் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எந்த மீன் வயிற்றில் சினை இருந்தது என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைத்தார். ஒரு தொகுதிக்கு ஒன்றரை வருடம். அவர் காலமான பிறகு குடும்பத்தார் அவற்றை நம் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, எண் கொடுத்து, மூன்றாம் மாடி ஜன்னல் ஓரத்து அடுக்கில் வைத்தோம். உலகத்தில் வேறு எங்கும் இதற்கு நகல் கிடையாது.

அப்போது நான் துணை நூலகர். எனக்கு அறிவிப்புகள் எழுதுவதில் தனி மோகம். சுவரில் காலி இடம் கண்டால் கை அரிக்கும். மாணவர்கள் என்னை முதுகுக்குப் பின்னால் 'போர்டு மேடம்' என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் மட்டும் இரண்டு அறிவிப்புகள் வைத்திருந்தேன். ஒன்று, கைபேசியில் படம் எடுக்கக் கூடாது. இன்னொன்று, அடுக்குகளைக் கவனித்த உதவியாளர்களில் இரண்டு பேர் ஓய்வு பெற்றதும் ஆள் பற்றாக்குறைக்காக வைத்தது: 'படித்த நூலை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.' மாணவர்கள் யாரும் அதை மதிக்கவில்லை. படித்ததை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த ஒரே உதவியாளர் மாலையில் அவற்றை எண்ணிக் குறித்துவிட்டு அடுக்கில் ஏற்றுவார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர். என் வயதுதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவரிடம் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பட்டயப் படிப்பிலும் கற்கவில்லை. பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் அவரை அடுக்குக்காரர் என்றே கூப்பிடுவோம்.

பல்கலைக்கழகத்தை மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் மூன்றாம் மாடியில் பாதியைக் கணினிக் கூடமாக மாற்ற முடிவு செய்தார்கள். இடம் வேண்டும். யாரும் தொடாத நூல்களை நீக்க வேண்டும். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்து வருடமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாதவை, மேசை எண்ணிக்கையிலும் வராதவை, இந்த இரண்டிலும் விழுந்தால் நீக்கலாம் என்று முடிவு செய்தேன். கணினி அரை மணி நேரத்தில் பட்டியலைத் துப்பியது. அதில் 'பதிவேடு' என்று பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஏதோ பழைய அலுவலகப் பேரேடு என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் இரண்டாம் மாடியில் என் மேசையிலிருந்து அந்த அடுக்குக்கு இருபது படி. நான் ஏறவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

எல்லாவற்றின் முதல் பக்கத்திலும் 'நீக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை குத்தி, ஒரு சனிக்கிழமை பழைய காகிதக்காரரின் வண்டியில் ஏற்றி அனுப்பினோம். திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா வந்தாள்.

ஸ்டெல்லா சேலம் டவுனில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மேட்டூர் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஏழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து ஜன்னல் பக்கம் உட்காருவாள். நான் தலையாட்டுவேன், அவள் தலையாட்டுவாள். என்ன படிக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் கல்லூரியில் தேர்வுப் பணி இருந்ததால் அவள் வரவில்லை.

"மேடம், மேல ரேக்கே காலியா இருக்கு. மீன் ரெஜிஸ்டர எங்க மாத்தி வெச்சிருக்கீங்க?"

"எதும்மா?"

"மேட்டூர் மீன் பதிவேடு. பன்னெண்டு வால்யூம். வெள்ளிக்கிழம எனக்கு வைவா மேடம். தீசிஸ்ல இருக்கற டேபிள் எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு எக்ஸாமினர் கேட்டிருக்காரு. பதினெட்டு வருசத்துக்கு ஒரு நாள் கூட விடாம யாரு எழுதி வெப்பாங்க, ஒரிஜினல நேர்ல கொண்டுவந்து காட்டுங்கன்னு எழுதியிருக்காரு."

அவை போன இடம் எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு நப்பாசை.

"போட்டோ எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?"

"நீங்கதான மேடம் போன்ல படம் எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கீங்க. கையாலதான் காப்பி பண்ணேன். பன்னெண்டு நோட்டு."

"எடுத்துப் படிச்சிருந்தா மேசைக் கணக்குல வந்திருக்கணுமேம்மா!"

"எடுத்த எடத்துலயே வைக்கணும்னு எழுதியிருந்துச்சே."

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். என் இரண்டு அறிவிப்புகளுக்கும் கீழ்ப்படிந்த ஒரே வாசகி அவள். அவள் ஒழுங்காக நடந்துகொண்டதாலேயே அந்த நூல்களை யாரும் தொடவில்லை என்று என் கணக்கு சொன்னது. இப்போது மூலத்தைக் காட்டாவிட்டால் அவள் இட்டுக்கட்டி எழுதினாள் என்றாகிவிடும். பட்டம் போவது ஒருபுறம். பொய்க்காரி என்ற பெயரோடு ஒரு ஆசிரியை வகுப்புக்குள் எப்படி நுழைவாள்?

உண்மையைச் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுக்குக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தத் தட்டுல தூசியே இருக்காதுங்க மேடம்," என்றார். "மத்த தட்டுல எல்லாம் விரலை வெச்சா பதியும். அது மட்டும் எப்பவும் சுத்தமா இருக்கும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். என் தவறை அவர் தலையில் இறக்கிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை எனக்கு.

"நீங்க கேக்கலீங்களே. லிஸ்ட்டக் குடுத்து எறக்கச் சொன்னீங்க, எறக்கிப்போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் சொல்லியிருக்கோணுமுங்க," என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இறங்கி வெட்கம் வந்தது.

மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் கெட்டவர் அல்ல, மதிப்பீட்டுக் குழு வரும் நேரத்தில் பேர் கெடக் கூடாதே என்று பயந்தவர். பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் தயாரானது. பட்டியலில் இல்லாத நூல்களையும் சேர்த்து அள்ளிச் சென்றுவிட்டீர்கள், உடனே திருப்பித் தராவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று காகிதக்காரருக்கு மிரட்டல். கீழே முத்திரை. நான் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஜீப்பில் நான், அடுக்குக்காரர், ஸ்டெல்லா. வழியெல்லாம் அவள் ஒரு கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். உள்ளே ஜெபமாலை இருந்தது பிறகுதான் தெரிந்தது. சங்ககிரி தாண்டி, லாரிகளுக்குக் கூடு கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அந்தக் கிடங்கு இருந்தது. வாசலில் ஒரு லாரி நின்றது. பாதி ஏற்றியாகிவிட்டது.

கிடங்கை நடத்தியது ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ஏற்றுகிறவர்களோடு தானும் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, என்ன வேணும்? சுருக்கா சொல்லுங்க. பொழுதோட மில்லுக்கு லோடு போவோணும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். நூல்கள் எதற்கும் அட்டை இல்லை. ரெக்ஸினையும் காலிகோ துணியையும் காகித ஆலையில் எடுக்க மாட்டார்களாம், வந்ததுமே கிழித்துவிடுவார்களாம். முதுகில் ஒட்டிய எண்கள் எல்லாம் போய்விட்டன.

கை பைக்குள் போனது. கடிதம் விரலில் பட்டது. இந்த அம்மாள் என்ன தப்பு செய்தார்? நாங்கள் கொடுத்ததை வாங்கினார். இவரிடம் பொய் சொல்லி மிரட்டினால், பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வக்கீலைக் கூப்பிடுவார். லாரி அது பாட்டுக்குப் போய்விடும். இதெல்லாம் யோசித்து முடிவு செய்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் ஸ்டெல்லா என் பக்கத்தில் நின்றாள். அவள் காதில் விழும்படி அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அம்மா, அனுப்பக் கூடாததைச் சேத்து அனுப்பிட்டேன். முழுக்க என் தப்பு. உங்க மேல ஒண்ணுமில்ல. கைல எழுதின பன்னெண்டு பதிவேடு. அது கெடைக்கலைன்னா இந்தப் பொண்ணு ஏழு வருசம் படிச்சது வீணாப் போயிரும். தேடிக்க எங்கள விடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"பரவால்ல. இந்தக் கெடங்குக்கு வந்து நாந்தான் தப்புப் பண்ணினேன்னு சொன்ன மொத ஆபீசர் நீங்கதான்." சிரித்துவிட்டு லாரிப் பக்கம் திரும்பினார். "ஏப்பா, ஏத்தறத நிறுத்து. நாலு மணி வரைக்கும் டைம் தாரேன் சாமி, அதுக்கு மேல முடியாது."

நான் புடவையைச் சொருகிக்கொண்டு நூல் குவியலில் இறங்கினேன். மலை மாதிரி கிடந்தது. அங்கே பிரித்துப் போடும் வேலை பார்த்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதுல எதுக்குங்க தேடறீங்க? கையில எழுதுன தாள் தடியா இருக்கும். அது புக்கோட போவாதுங்க. லெட்ஜரு தனியாக் கெடக்குது, வாங்க."

பொருள் வாரியாகப் பிரிப்பதுதான் நம் தொழில். அவர்கள் தாள் வாரியாகப் பிரித்திருந்தார்கள். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அவர்களுடைய வகைப்பாடு. நான் நூல் குவியலிலேயே கிடந்திருந்தால் நாலு மணிக்கு வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

லெட்ஜர் குவியலும் சின்னதல்ல. நூற்பாலைப் பேரேடுகள், பள்ளி வருகைப் பதிவுகள், எல்லாம் அட்டை இல்லாமல் ஒரே மாதிரி கிடந்தன. ஸ்டெல்லாவுக்கு அந்த எழுத்தரின் கையெழுத்து தன் அப்பாவின் கையெழுத்தைப் போலப் பழக்கம். ஒரு பார்வையில் கண்டுபிடித்து எடுத்தாள். பெரும்பாலானவற்றில் முன்னும் பின்னும் கிழிந்திருந்ததால் எது எந்தத் தொகுதி என்று தெரியவில்லை. அதற்கு அடுக்குக்காரர் இருந்தார். நம் நூலகத்தில் எந்த நூலானாலும் முப்பத்தேழாம் பக்கத்தின் அடியில் அதன் எண்ணையும் தொகுதியையும் சின்னதாக எழுதுவோம், உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவர் கட்டைக் கையில் வாங்கிப் பிரித்தால் கை தானாக முப்பத்தேழில் போய் நின்றது. "இது நாலுங்க மேடம். இது ஒம்பது. இது ஒண்ணு."

மூன்றரை மணிக்குள் பதினொன்று கிடைத்தன. ஏழாவது கிடைக்கவில்லை. நாலு மணி தாண்டியும் அந்த அம்மாள் லாரியை விடவில்லை, தானும் வந்து குனிந்து தேடினார். பிறகு நிமிர்ந்து, "நேத்தைக்கு ஒரு லோடு லெட்ஜரு போயிருச்சுங்க. அதுல போயிருக்கும்," என்றார். அவர் குரலில் எங்களைவிட வருத்தம் இருந்தது.

திரும்பும்போது ஸ்டெல்லா பதினொரு கட்டுகளையும் மடியிலும் பக்கத்திலும் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பதினொண்ணு இருக்குல்ல மேடம்," என்றாள். எனக்கு அவள் தைரியம் சொன்னாள்! நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவசரமாக அட்டை போட்டோம். சில தொகுதிகளில் முதல் பக்கம் தப்பியிருந்தது, அதில் 'நீக்கப்பட்டது' என்ற சிவப்பு முத்திரையும் இருந்தது. மேலதிகாரி பார்த்துவிட்டு, "மேல ஒரு லேபிளை ஒட்டிடுங்க, யாருக்குத் தெரியப் போகுது," என்றார். பசையும் லேபிளும் என் மேசையில்தான் இருந்தன. பொய் எழுதினாளோ என்ற சந்தேகத்தில் நிற்கிற பெண்ணின் கையில் ஒட்டுப்போட்ட சான்றைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். லேபிளை ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் நானும் அடுக்குக்காரரும் கடைசி வரிசையில் இருந்தோம். தேர்வாளர் வேறு மாவட்டத்துக்காரர், கண்டிப்பானவர். முதல் தொகுதியைத் திறந்ததுமே நிறுத்தினார்.

"இது என்ன முத்திரை? நூலகமே நீக்கிய ஆவணத்தை எப்படி ஆதாரமாக ஏற்பது? ஏழாவது தொகுதி எங்கே?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். நான் எழுந்து நின்றேன். கூடத்தில் துணைவேந்தர் அலுவலகத்து ஆட்களும் இருந்தார்கள்.

"அந்த முத்திரை நான் கையெழுத்துப் போட்ட பட்டியலால் குத்தப்பட்டது. படிகூட ஏறிப் பார்க்காமல் போட்டேன். ஏழாவது தொகுதி காகித ஆலைக்குப் போய்விட்டது. இதில் இந்த மாணவியின் தவறு ஒன்றுமில்லை. நூலகத்தின் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றியதுதான் அவர் செய்தது."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் நோட்டுகளைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். பன்னிரண்டும் பையில் இருந்தன. அவர் மூலத்தில் எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறந்து தேதியைப் படிப்பார். ஸ்டெல்லா தன் நோட்டிலிருந்து அன்றைய மீனைப் படிப்பாள். கெண்டை இவ்வளவு, கெளுத்தி இவ்வளவு, காற்று மேற்கு. பதினொரு தொகுதியிலும் இப்படியே பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுத்தர் ஓர் இடத்தில் கூட்டலில் தப்பு செய்திருந்தார். அந்தத் தப்பையும் அவள் அப்படியே எழுதி, பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் அந்த மனிதர் முதன்முறையாகச் சிரித்தார்.

பட்டம் கிடைத்தது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன், அதற்குத் தகுதியானவள்தான். மூன்றாம் மாடியிலிருந்த இரண்டு அறிவிப்புகளையும் என் கையாலேயே கிழித்தேன். அதன் பிறகு எந்த நீக்கப் பட்டியல் வந்தாலும் நானும் அடுக்குக்காரரும் சேர்ந்து மாடி ஏறுவோம். அவர் நூல்களின் மேல்விளிம்பில் விரலை ஓட்டித் தூசி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வரை கையெழுத்துப் போட மாட்டேன்.

ஸ்டெல்லா இப்போது இரண்டு பேருக்கு ஆய்வு வழிகாட்டி. இருவரும் சனிக்கிழமைகளில் அதே ஜன்னல் பக்கம் உட்காருகிறார்களாம்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் பார்த்த ஏழாவது தொகுதி ஸ்டெல்லாவின் நோட்டு. பட்டம் வாங்கிய மறு வாரம் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அளவு வேறுதான், அட்டை வேறுதான், கையெழுத்தும் வேறுதான். முறைப்படி எண் கொடுத்து, முப்பத்தேழாம் பக்கத்தில் அதை எழுதியவள் நான். கடைசிப் பக்கத்தை நீங்கள் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்குக் கூடம் கலைவதற்கு முன் தேர்வாளர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினார்: "மற்ற பதினொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போகின்றன. ஏழாவதுக்கு இனி இதுவே மூலம்." கீழே கையொப்பம்.

ஆகவே நீக்க வேண்டாம். நாளைக்கே ஆறு பேரும் மாடி ஏறிப் போய் அதை எடுத்து ஒரு பக்கமாவது படியுங்கள். படித்து முடித்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், யாராவது எண்ணிக்கொள்ளட்டும்.